படகுக்கு ஒரு முகம்

பாய்,

இன்று காலை கடையில் ஒரு ஆரஞ்சு பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டியதாயிற்று. வாங்க வந்தவன், மூடியில் இருக்கிற நிறம்தான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன் என்றான். நெம்பியதும் வாசனை மூக்கில் ஏறியது. தின்னரும் எண்ணெயும் கலந்து கண்ணைக் கரிக்குமே, அதே வாசனை. நாள் முழுக்க அதற்குள்ளேயே உட்கார்ந்து வியாபாரம் செய்கிற எனக்கு அது உறைப்பதே இல்லை. இன்றைக்கு மட்டும் நீ பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. "நிறம் சரிதாண்ணே, வரையத்தான் ஆள் இல்ல" என்றான் அவன். நான் டப்பாவை மூடிக் கொடுத்தேன். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இதில் லாபம் ஒன்றுமில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பொன்னேரியிலிருந்து நைலான் நூல்கண்டுகளை சைக்கிளில் கட்டிக்கொண்டு குப்பம் குப்பமாக மிதித்த நாளிலிருந்து ஒன்றைத்தான் நம்பி வந்தேன். போகிற சரக்கை வாங்கு, போகாததைத் தொடாதே. பழவேற்காட்டில் கடை போட்டேன். கயிறு, மிதவை, பெயிண்ட், பள்ளிக்கூடம் திறக்கும்போது புத்தகப் பை. அந்தக் கார்ட்டூன் தொடர் எனக்கு அறிமுகமானதே பைகளின் மேல்தான். சிவப்புக் குல்லா போட்ட கீரி இருந்தால் பை பறக்கும். தேனைக் கண்டால் நடுங்குகிற கரடி போகும். டீக்கடை நடத்துகிற இரட்டை ஆந்தை சுமாராகப் போகும். மற்றதெல்லாம் குடோனில் தூங்கும். அந்தத் தொடரில் நூற்றுக்கு மேலே உருவங்கள் இருக்கின்றன என்று மொத்த வியாபாரி சொன்னபோது சிரித்தேன். மூன்று முகத்தில் சம்பாதிக்கத் தெரியாதவன்தான் நூறு முகம் வரைவான் என்று நினைத்தேன்.

நீ அப்போது படகுகளுக்கு எண்ணும் பெயரும் எழுதிக்கொண்டிருந்தாய். பழைய வியாபாரக் குடும்பம் உங்களுடையது. "எங்க ஆளுங்க கப்பல் ஓட்டுனாங்க, நான் போட்டுக்கு நம்பர் எழுதறேன். ரெண்டும் தண்ணி மேல போற தொழில்தான்" என்று நீயே சொல்லி நீயே சிரிப்பாய். வாய் ஓயாத மனுஷன். பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டும் பேசுவாய். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "முதலாளி" என்பாய். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

எல்லாம் ஏழுமலையால் ஆரம்பித்தது. குப்பத்தில் முதல் ஆளாக அவன்தான் தன் ஃபைபர் படகின் முகப்பில் அந்தக் கீரியை வரையச் சொன்னான். வீட்டில் பிள்ளை அழுகிறது என்றான். பிள்ளையைவிட அவனுக்குத்தான் ஆசை என்று உனக்கும் எனக்கும் தெரியும். நீ வரைந்து கொடுத்தாய். அடுத்த வாரம் ஆளாளுக்குக் கீரி கேட்டார்கள். நீயும் சளைக்காமல் வரைந்தாய். நானும் சிவப்பு பெயிண்ட் விற்றேன். அந்தப் படகுகளெல்லாம் ஒரே பட்டறையில் வார்த்தவை, ஒரே வெள்ளை, ஒரே நீலக் கோடு. முன்பாவது கோடு அழிந்த இடத்தைப் பார்த்துப் பெண்கள் அடையாளம் கண்டுபிடித்தார்கள். இப்போது சாயங்காலம் ஏரிக்கரையில் கூடையோடு நிற்கிறவர்களுக்குத் தூரத்தில் தெரிவதெல்லாம் கீரி. தன் வீட்டுக்காரன் என்று நினைத்து முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போன ஒருத்தி, கொழுந்தன் முறைக்காரன் படகில் கை வைத்துவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பினாள். ஊர்க்கூட்டம் கூடிவிட்டது.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். வியாபாரி என்கிற முறையில் யோசனை சொன்னேன். கீரி, கரடி, ஆந்தை, இந்த மூன்றையும் வேறு வேறு நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குப் பிடித்ததும் அதுதான், வேலையும் சுலபம் என்றேன். நீ பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாய்.

"ஏன் முதலாளி, ஊர்ல மூணு வூடா இருக்குது?"

அவ்வளவுதான் கேட்டாய். பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். படகுக்கு ஒரு முகம். ஒன்று போல இன்னொன்று கூடாது. யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பது. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று பாடு வைத்து, சீட்டெடுத்து, முறை மாற்றிப் பிழைக்கிற ஜனம் அது. நல்ல இடம் ஒருத்தனுக்கே போய்விடக் கூடாது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கார்ட்டூனுக்கும் அதையே செய்தார்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் பைத்தியக்காரர்கள் என்பான். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஊர்ப் படகுகள் அத்தனைக்கும் முகம் வேண்டுமே. தினம் மத்தியானம் என் கடையில், கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து, போனில் அந்தத் தொடரை ஒவ்வொரு கதையாக ஓட்டினோம். தண்ணீரே இல்லாத ஒரு மலையடிவார ஊர். ஊருக்கே ஒரு கிணறு. அங்கே இருக்கிற ஒன்றுகூடக் கடலைக் கண்டதில்லை. அதுகளைத்தான் நாம் ஏரிக்கும் கடலுக்கும் அனுப்பப் போகிறோம் என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சலூன் வைத்திருக்கிற முள்ளம்பன்றி. கதை முடிந்த பிறகே வந்து சேருகிற தபால் நத்தை. தன் நிழலோடு சண்டை போடுகிற ஆடு. கல்யாணம் எங்கே நடந்தாலும் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கும் பெருச்சாளி. வாத்தியக் கோஷ்டிக்குத் தலைவரான எருமை, அவருக்குக் காது கேட்காது. நான் எதிர்பார்த்தது கூட்டத்துக்காகப் போட்ட பொம்மைகளை. பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நடை தனி, பார்வை தனி, வாசல் தனி. முள்ளம்பன்றியின் சலூனில் ஒரு கதையில் உடைந்த கண்ணாடி அடுத்தடுத்த கதைகளில் ஒட்டுப் போட்டபடி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டாலும் அது உடைந்ததுதான். நான் கடைத்தெருவில் இத்தனை வருஷம் இருக்கிறேன். எதிர்க் கடைக்காரன் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

"இத வரஞ்சவன் ஊரையே பெத்துப் போட்டிருக்கான் முதலாளி" என்றாய். நீ சத்தமில்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

உன் வீட்டில் ஒரு சங்கடம் இருந்தது. எழுத்து எழுதுகிறவன் உயிருள்ளதின் உருவத்தை வரையலாமா, மார்க்கம் ஒத்துக்கொள்ளுமா என்று உன் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. வரைவாய், கண்ணை மட்டும் வைக்க மாட்டாய். வெள்ளை வட்டத்தோடு விட்டுவிடுவாய். அந்த வீட்டுப் பிள்ளை வந்து விரலில் கறுப்பு மை தொட்டுக் கண்ணை வைக்க வேண்டும். குப்பத்துக்காரர்கள் இதைச் சாமிக்குக் கண் திறப்பது போல எடுத்துக்கொண்டு வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்தார்கள். உன் அண்ணனுக்கும் சமாதானம், அவர்களுக்கும் திருப்தி. இந்த மாதிரி கணக்கு எனக்கு வராது.

அந்தக் கரையில் ஒரு படகு மட்டும் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தது. வேணியின் படகு. அவள் புருஷன் முகத்துவாரத்துக்கு வெளியே போனவன், திரும்பவில்லை. படகு மட்டும் அலையில் மிதந்து தானாகவே கரைக்கு வந்தது. ஆளை விட்டுவிட்டு வந்த படகு என்று அதன் பக்கத்தில்கூட யாரும் போவதில்லை. சுண்ணாம்புக்குளத்திலிருந்து அவள் தம்பி வந்து, நான் ஓட்டுகிறேன் அக்கா என்றான். ஒருத்தன் மட்டும் ஓட்டிவிட முடியாதே, வலை இழுக்க இன்னொருத்தன் வேண்டும். கூப்பிட்ட ஆளெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பருவத்துக்குள் படகு தண்ணீரில் இறங்காவிட்டால் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாக அவள் முடிவு பண்ணியிருந்தாள். படகு போனால் ஊரில் அந்த வீட்டுக்கு இருக்கிற இடமும் போகும். அவள் வாய் திறந்து அழவில்லை. கடைக்கு வந்து மிதவை விலை மட்டும் கேட்டுவிட்டு வாங்காமல் போவாள்.

சீட்டு எடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கோயில் முன்னால் பானை. பாடு எடுக்கிற அன்றைக்கு உட்காருகிற அதே வரிசையில் ஆண்கள். பின்னால் பெண்களும் பிள்ளைகளும். நீ ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, ஒவ்வொரு உருவத்தையும் நடித்துக் காட்டினாய். கீரி, பல்லில்லாத ஒரு கிழவருக்குப் போனது. அவர் அது என்னவென்றே கேட்கவில்லை. ஏழுமலை கையில் நத்தை விழுந்தது. ஊரே சிரித்தது. கீரியை முதலில் கொண்டுவந்தவன் நான், என் படகு வேகத்துக்கு நத்தையா என்று அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"நத்த லேட்டாத்தான் வரும் ஏழுமல. ஆனா ஒரு லெட்டரத் தொலைச்சது கெடையாது. நீ போன மாசம் வலையவே தொலைச்சிட்டு வந்த" என்றாய்.

அப்படியானால் அடுத்த வருஷம் முறை மாற்றுங்கள், பாடு என்றால் சுற்றி வர வேண்டும் என்றான். எடம் சுத்தி வரலாம், மூஞ்சி சுத்தி வந்தா உன் பொண்டாட்டி யாருக்குச் சோறு போடுவா என்று நீ கேட்டதில் அவன் மனைவியே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான்.

எல்லாரும் எடுத்து முடித்தார்கள். பானையில் ஒரு சீட்டு மிச்சம். வேணி படகுக்கும் சேர்த்துத்தான் நீ போட்டிருந்தாய் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓடாத படகுக்கு முகம் எதற்கு என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. வேணி எழுந்து போகப் பார்த்தாள். நீ, "தண்ணியில இருந்தாலும் கரையில கெடந்தாலும் போட்டு போட்டுதான் நைனா" என்று சொல்லி, பானையை அவள் மகள் சுபாவிடம் நீட்டினாய். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். எடுத்தாள். பிரித்தாள். கொக்கு.

யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அந்தத் தொடரில் கொக்கு ஏது என்றார்கள். மீனைத் திருடுகிற ஜாதியை யாராவது படகில் வரைவார்களா என்று ஒருத்தன் கேட்டான். நீயே கொஞ்சம் தடுமாறினாய். ஒரு கதையில் கிணற்றடியில் தெரிந்ததைப் பார்த்து, எண்ணிக்கை சரிக்கட்ட எடுத்ததாக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய். சுபாதான் பேசினாள்.

"அது எல்லாக் கதையிலயும் இருக்குது. பின்னால நிக்கும். எல்லாரும் வூட்டுக்குப் போனப்புறம்தான் அது போவும்."

நான் நம்பவில்லை. பார்த்ததை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் நாம். நீ போனை எடுத்து ஒரு கதையின் கடைசியை ஓட்டினாய். கீரி ஜெயித்து, மேளம் அடித்து, விளக்கு வைத்து, ஒவ்வொருத்தராகக் கதவைச் சாத்துகிறார்கள். நம் கண் கீரியோடு வீட்டுக்குள் போய்விடும், எப்போதும் அப்படித்தான் போயிருக்கிறது. இந்தத் தடவை போகாமல் பார்த்தோம். கிணற்றுக்குப் பின்னால், ஒற்றைக் காலில், சாம்பல் நிறத்தில் அது நின்றது. கடைசியாக நத்தை ஊர்ந்து வந்து தன் வாசலுக்குள் நுழைந்தது. அப்புறம்தான் கொக்கு மற்றொரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பி நடந்தது. இன்னொரு கதையை ஓட்டினாய். அதிலும். இன்னொன்று. அதிலும். அதற்குப் பெயர் கிடையாது, பேச்சுக் கிடையாது. கதையில் அதனால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனாலும் எங்கோ ஒரு மேஜையில் ஒருத்தன் உட்கார்ந்து, ஒவ்வொரு கதைக்கும் தவறாமல் அதை நிற்க வைத்து, நடக்க வைத்திருக்கிறான். யார் பார்ப்பார்கள் என்று நினைத்து வரைந்தான்? பழவேற்காட்டு ஏரிக்கரையில் அப்பனில்லாத ஒரு பெண் பார்ப்பாள் என்றா?

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மறைக்கவில்லை. ஏழுமலைதான் போனை வாங்கி, அந்தக் கடைசியை மறுபடி ஓட்டிப் பார்த்தான். தன் நத்தை வீடு போய்ச் சேரும் வரை அது நின்றதைப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"ஆள வுட்டுட்டு வந்த போட்டுன்னுதான ஏற மாட்டேன்றீங்க," என்றான் பொதுவாக. "இது எல்லாரும் கரை ஏறினப்புறம் வர்ற போட்டுனு வெச்சிக்கலாம். மொத நாளு நான் ஏறுறேன்."

பெரியவர் சரி என்றார். வேணி எழுந்து நடந்தாள். கவிழ்த்திருந்த படகிடம் போய் அதன் அடியில் ஒட்டியிருந்த சிப்பியை விரலால் பெயர்க்க ஆரம்பித்தாள். பிறகு பெண்கள் நாலு பேர் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

நீ அந்தக் கொக்கை வரைந்தது மாதிரி வேறெதையும் வரையவில்லை. சாம்பல் நிறம் என்னிடம் இல்லாமல் மூன்று டப்பாக்களைக் கலக்கினாய். சுபா கண் வைத்தபோது பொட்டு ஓரத்துக்குப் போய்விட்டது. முன்னால் பார்க்க வேண்டிய கொக்கு பின்னால் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆயிற்று. துடைத்துவிட்டு மறுபடி வைக்கட்டும் என்றேன். "அதான் பார்வ" என்றாய். அதன் வேலையே பின்னால் பார்ப்பதுதான், சரியாகத்தான் வைத்திருக்கிறாள் என்று அவளைத் தட்டிக் கொடுத்தாய்.

முதல் நாள் ஏழுமலை ஏறினான், சொன்ன சொல் மாறவில்லை. பிறகு ஆள் கிடைப்பது கஷ்டமாக இல்லை. அந்தப் படகு கடைசியாகத்தான் கரைக்கு வரும் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் காற்று திரும்பி, அந்தக் கிழவரின் கீரிப் படகு மோட்டார் நின்று முகத்துவாரத்துப் பக்கம் இழுபட்டபோது, கயிறு போட்டு இழுத்து வந்தது கொக்குதான். நீ அப்போது இருந்தாய். கடைவாசலில் நின்று, எடிசன் பல்பைக் கண்டுபிடித்தபோதுகூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார் என்று நான் சொல்கிற அளவுக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டாய்.

அப்புறம் உனக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில்கூட, முள்ளம்பன்றிப் படகுக்கு மூக்கு உரிந்திருக்கிறது, வந்து சரி பண்ண வேண்டும் என்றுதான் பேசிக்கொண்டு வந்தாய். உன் பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை அடக்கம் பண்ணிய அன்று ஊரில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. பள்ளிவாசலிலிருந்து திரும்பிக் கடைப்பக்கம் வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கரை நெடுக அத்தனை படகுகளையும் முகப்பு ஊரைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டியிருந்தார்கள். எருமை, ஆடு, பெருச்சாளி, இரட்டை ஆந்தை, நத்தை, கரடி, பெயர் தெரியாதவை எத்தனையோ. ஒவ்வொன்றின் கண்ணும் ஒவ்வொரு பிள்ளை வைத்த கண். சில மாறுகண், சில முழித்த கண். எல்லாம் சேர்ந்து தண்ணீரில் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பொம்மைப் படம் போட்ட பையை விற்றுக் காசு பார்த்தவன் நான். ஒரு ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. என்னை எதற்குப் பார்க்க வேண்டும், உன்னைத்தான் தேடியிருக்கும்.

இப்போதும் பேத்தியோடு அந்தத் தொடர் பார்க்கிறேன். கீரி ஓடினால் நான் கீரியைப் பார்ப்பதில்லை. போன வாரம் ஒன்றைக் கண்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற ஒரு ஆமை. தேடிப் பார்த்தால் வேறு கதைகளிலும் அதே மாடியில் அதே ஆமை, கொடியில் துணி மட்டும் மாறியிருக்கிறது. "பாய், இங்க பாரு இன்னொண்ணு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பேத்தி திரும்பிப் பார்த்தாள்.

கடையிலும் அந்தப் புத்திதான். கூட்டத்தில் முன்னால் நின்று அதட்டுகிறவனுக்கு முதலில் கொடுத்து அனுப்புவது என் பழைய பழக்கம். இப்போது கண் தானாக அவன் தோளுக்குப் பின்னால் போகிறது, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவது யார் என்று. வியாபாரத்துக்கு இது நல்லதா கெட்டதா என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

முன்பெல்லாம் விளக்கு வைத்ததும் ஷட்டரை இழுத்துவிடுவேன், உனக்குத் தெரியும். அதற்கு மேல் வருகிறவன் கடன் கேட்கத்தான் வருவான் என்பேன். இப்போது கடைவாசலில் நின்று ஏரியைப் பார்க்கிறேன். நத்தை வரும், எருமை வரும், கீரி வரும். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். தண்ணீர் காலியாகிவிட்டது என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்து, மோட்டார் சத்தத்துக்குப் பின்னால் அந்தச் சாம்பல் நிறம் தெரியும், தலை ஒரு பக்கமாகத் திரும்பியபடி. வேணியின் தம்பி கையைத் தூக்குவான்.

அதற்கு அப்புறம்தான் பாய், நான் கடையைச் சாத்துகிறேன்.